துடைத்துக் கொடுத்த லேப்டாப்

புது லேப்டாப் எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதைத் துடைத்துவிடுவேன். துணியால் துடைப்பதைச் சொல்லவில்லை மேடம். உள்ளே இருக்கிற விண்டோஸை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதைச் சொல்கிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் கணினிப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. அங்கே என்னைக் கேட்காமல் ஒரு சீட்டாட்டம்கூடக் குடியேற முடியாது.

கடையில் விற்கிற லேப்டாப்பின் லட்சணம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு உங்கள் கணினி அறிவு முடிந்துவிடும். மூடியைத் திறந்ததுமே வைரஸைப் பிடிக்கிறேன் என்று ஒன்று குதிக்கும். முதல் மாதம் இலவசம் என்று கொஞ்சும், அடுத்த மாதம் மிரட்டும். இன்னொன்று செருப்பு வாங்கச் சொல்லும். வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள் நுழைந்தால், பழைய குடித்தனக்காரர் கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருப்பது மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக நீக்கலாமே என்பார்கள் அரைகுறைகள். நீக்கினாலும் எங்காவது வால் மிச்சம் இருக்கும். பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். அதுதான் வேலை.

என் மனைவிக்கு உங்கள் மையம் கொடுத்த லேப்டாப்பும் அந்த ரகம்தான். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று ஆனபோது, நீங்கள் அவளை உட்கார வைத்து வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், படிக்கச் சொன்னால் அலுக்க மாட்டாள். ஆபரேஷன் முடிந்த பிறகு அவள் எழுத்துகளைத் தட்டத் தட்ட, லேப்டாப் அவள் குரலிலேயே பேசியது. நல்ல வேலைப்பாடு, ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை அது "என்னங்க" என்று கூப்பிட்டபோது நானே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் மூடியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தீர்கள். மையத்தைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாதாம். என் வீட்டில், எனக்கு, கணினியைப் பற்றி அறிவுரை. சிரிப்புத்தான் வந்தது.

முன்பெல்லாம் எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. அவள் எதையாவது ஆரம்பிப்பாள், நான் லேசாகக் குரலை உயர்த்துவேன், அவள் பாதியில் நிறுத்திக்கொள்வாள். அக்கம்பக்கத்தில் எங்களை உதாரணம் காட்டுவார்கள். லேப்டாப்புக்கு அந்த நாசூக்குத் தெரியவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அதுவும் பேசும். எடுத்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் ஓயும். காதில் விழவில்லை என்றால் அவள் ஒரு விசையைத் தட்டுவாள், அதே வாக்கியம் அதே நிதானத்தில் மறுபடி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் உடம்பு விசாரிக்க வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் நான், "ஆபரேஷன் அன்னிக்குப் பூரா வெளியில பெஞ்சுலயே உக்காந்திருந்தேன்க்கா. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல" என்றேன். மனைவி மடியில் லேப்டாப் இருந்தது. தட்டினாள்.

"அண்ணி, இவர் வரவே இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போனது பக்கத்து வீட்டு அக்கா. கையெழுத்துப் போட்டது என் பொண்ணு. இவர் ஆபீஸ்ல லேப்டாப் துடைச்சிட்டிருந்தார்."

அக்கா வீட்டுக்காரர் தன் காலுறையை ஆராய ஆரம்பித்தார். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "ஏன்டா?" என்றாள். என்னை வளர்த்தவள். அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

நடந்தது என்னவோ உண்மைதான். அன்றைக்கு அலுவலகத்துக்கு ஒரு வண்டி புது லேப்டாப் வந்து இறங்கியிருந்தது. நான் பெஞ்சைத் தேய்த்தால் டாக்டரின் கை வேகமாக ஓடுமா? ஆனால் உண்மை என்பதற்காக விருந்தாளிகள் முன்னால் போட்டு உடைப்பதா? வாயால் பேசின காலத்தில் அவளுக்கு இந்தத் துணிச்சல் இருந்ததில்லை. எல்லாம் உங்கள் மென்பொருள் கொடுத்த இடம்.

அப்புறம் என் மகள். வெளியூரில் இருக்கிறாள், தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு லேப்டாப்பைப் பேச விடுவாள் இவள். ஒருநாள் நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் லேப்டாப் பேசுவது கேட்டது. "நான் அங்கயே வந்துடறேன்மா. லேப்டாப்பும் மேடம் குடுத்த பென் டிரைவும் மட்டும் எடுத்துக்கறேன். இங்கேர்ந்து வேற எதுவும் எனக்கு வேணாம்."

வேண்டாத சாமான்களோடு என்னையும் சேர்த்துவிட்டாள். எனக்கு வலித்தது மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மனைவி பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்கு அவள் பக்கத்து வீட்டம்மாவோடு கிளம்பினாள். நான் விடுப்புப் போட்டேன். ஆபரேஷனுக்கு எடுக்காத விடுப்பு கைவசம் இருந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் அந்த வைரஸ்காரன் குதித்தான். நான் சொல்லவில்லையா, குப்பை என்று? விண்டோஸை ஏற்ற ஒரு பென் டிரைவ் வேண்டியிருந்தது. அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் நீங்கள் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுத்த பென் டிரைவ் இருந்தது. அதைக் கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "பதிவு எல்லாம் இதுல மட்டும்தான் சார். ஒருத்தர் குரலை நாங்க வெச்சுக்கறதில்ல, ஒப்படைச்சதும் எங்ககிட்ட இருக்கறதை அழிச்சிடுவோம்" என்றீர்கள். உயர்ந்த கொள்கை. அதன் பலனை உங்கள் மையமும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

பென் டிரைவைச் செருகியதும், இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது. சரி என்றேன். பிறகு லேப்டாப்பில் இருப்பதும் அழிந்துவிடும் என்றது. அதற்கும் சரி என்றேன். காத்திருந்த நேரத்தில் உங்கள் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன், பசை விடாமல் ஒட்டியிருந்தது.

பென் டிரைவ் தெரியாம மாறிப் போச்சா அப்பா என்று மகள் கேட்டாள். ஆமாம், கவனிக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்? லேப்டாப் இருந்த மேஜையின் இழுப்பறையில் காலி பென் டிரைவ்கள் கைப்பிடியளவு கிடந்தன. என் தொழிலில் அதற்கா பஞ்சம்? நான்தான் எழுந்து அலமாரிக்குப் போனேன்.

அவள் திரும்பி வந்ததும், "பாரு, எவ்வளவு சுத்தமா ஆயிடுச்சு" என்று நானே திறந்து காட்டினேன். தேடினாள். மூடித் திறந்து மறுபடி தேடினாள். அலமாரிக்கு ஓடிப் போய்த் துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். உதடு அசைந்தது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்துபோனது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லு, கேக்கல" என்றேன்.

எழுதிக் காட்டலாமே என்பீர்கள். கொஞ்ச நாள் காட்டினாள். கண்ணாடி இல்லாமல் எனக்குப் படிக்க வராது, கண்ணாடி வைத்த இடம் நினைவிருக்காது. அவளே விட்டுவிட்டாள். அவள் கைப்பேசியிலும் ஏகப்பட்ட குப்பை, அதையும் துடைத்து வைத்திருக்கிறேன், இன்னும் முழுசாகச் சரிசெய்து கொடுக்க நேரம் அமையவில்லை. மகள் என் போனில்தான் கூப்பிடுகிறாள். "அம்மாவுக்கு அங்க வர ஆசைதான், உடம்பு தேறட்டும்னு சொல்றா" என்பேன். எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் சொன்னதை மறுத்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

மகள் என்னென்னவோ சொல்லித்தான் உங்களை அனுப்பியிருப்பாள். நீங்களே பாருங்கள், வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது. என்மேல் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. இருந்தால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாளா? உள்ளேதான் இருக்கிறாள், கூப்பிடுகிறேன். என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் அவளையே கேளுங்கள் மேடம்.