வந்த படை திரும்புமா

– நாப்பது கப்பலா? கணக்குப்படி பாத்தா நாலு கூட வராது அத்தை.

– ஏன் வராது மாப்பிள்ளை? நிஜ சரித்திரத்துல நான் எழுதுற கோட்டை விழுந்துருச்சு. என் நாவல்ல விழக் கூடாது. எதிரி முற்றுகை போட்டுட்டான், உள்ள ராணி தனியா நிக்கிறா. கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜா படையோட வந்து காப்பாத்துறான்.

– அவனுக்கு என்ன தலையெழுத்து? ஊரான் சண்டைக்கு எவனாவது சோத்தக் கட்டிக்கிட்டுக் கிளம்புவானா? துறைமுகத்துல சரக்கு ஏத்துறவன் சொல்றேன். தண்ணி, அரிசி, விறகு, இதெல்லாம் ஏத்தாம ஒரு கப்பலும் நகராது. யாரு குடுப்பா?

– அதான் பாருங்க, இதுக்குத்தான் உங்களப் படிக்கச் சொல்றது.

– நான் படிக்க வரல அத்தை. உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தேன்.

– அவதான் உங்களப் பாத்ததும் ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டாளே. திறக்குற வரைக்கும் என் கப்பலப் பாருங்க. ராஜாவுக்கு ராணி தூரத்துச் சொந்தம்னு வச்சா?

– சொந்தம்னா ஆறுதல் சொல்லி ஆள் அனுப்புவான். படை அனுப்ப மாட்டான்.

– அவளே கூப்பிட்டா?

– கூப்பிட்டா வருவான். ஆனா வந்தவன் போவானா? அத மட்டும் எழுத மாட்டேங்கறீங்களே.

– போகாம என்ன செய்வான்?

– உக்காந்துருவான். கோட்டைக்குள்ள எது எங்க இருக்கணும்னு அப்புறம் அவன்தான் சொல்லுவான். ராணி அவன்கிட்ட கேட்டுத்தான் மூச்சு விடணும்.

– நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க. ஆமா, உங்க அக்கா கிளம்பியாச்சா?

– எங்க கிளம்புறாங்க.

– புருஷன் பொண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேச அக்காவ வரவழைச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

– என் பக்கம் பேச ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு. ஒரு நாள்ல பேசி முடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு கணக்குப் போட்டேன். உங்க பொண்ணு பெட்டியத் தூக்கிட்டு இங்க வந்துட்டா. அங்க அக்கா அடுப்படியவே மாத்தி வச்சிட்டாங்க. சக்கரை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல.

– சிரிப்பு வருது மாப்பிள்ளை. கோவிச்சுக்காதீங்க.

– சிரிங்க. அவ இல்லாம வீடு வீடாவே இல்ல அத்தை. தப்பு என்மேலதான். எங்க சண்டைக்குள்ள மூணாவது ஆள இழுத்திருக்கக் கூடாது. நீங்க கொஞ்சம் உள்ள போய் எனக்காக ரெண்டு வார்த்தை பேசுனா...

– இப்ப நான் மட்டும் எத்தனாவது ஆளு?

– அது... ஆமால்ல.

– அதான் பாருங்க. பட்டும் புத்தி வரல.

– அம்மா.

– வாடி. எவ்வளவு நேரமா கதவுக்குப் பின்னாடி நிக்கிற?

– தண்ணி, அரிசி, விறகுலருந்து. உன் ராஜா வரட்டும்மா. வந்து நல்லா சம்மணம் போட்டு உக்காரட்டும். அப்பத்தான் உள்ள இருக்கிறவளும் முற்றுகை போட்டவனும் ஒரே பக்கம் வந்து நிப்பாங்க. என்னங்க, வண்டிய எடுங்க. உங்க அக்காவ ஊருக்கு அனுப்பி வச்சிட்டு, நம்ம சண்டைய நாமளே போட்டுக்குவோம்.