முதல் கையெழுத்து என்னுடையது

ராஜபாளையம் காவல் நிலையம், 12.9.1991. மனு விசாரணையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் முத்துப்பேச்சி, க/பெ. இருளப்பசாமி. வயது 46 என்று ரேஷன் கார்டில் உள்ளது. நாற்பது என்று சொல்லிப் பார்த்தேன், ஏட்டையா எழுதவில்லை. சேத்தூர் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டில் துணி மடிக்கும் வேலை செய்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்துள்ளேன். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன்.

எங்கள் செட்டுக்குத் தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று எந்த மனு வந்தாலும் முதலில் நான் கையெழுத்துப் போடுவதும், அதைப் பார்த்து மற்றவர்கள் கீழே போடுவதும் வழக்கம். சென்ற மாதம் 20ஆம் தேதி மாலை நாலு மணிக்கு, லாரி வந்து நின்றிருந்த நேரத்தில், பெற்றோர் சங்கச் செயலாளரான பாத்திரக்கடை ஐயாதுரை அண்ணாச்சி ஒரு தாளுடன் வந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நல்லதுக்குத்தான், போடும்மா" என்றார். வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் போட்டேன். எனக்குக் கீழே இருபத்தாறு பேர் போட்டார்கள். அதன்பிறகு லாரியில் பண்டல் ஏற்றப் போய்விட்டோம்.

அதன்பிறகு நாலு நாள் கழித்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மாரீஸ்வரி அழுதுகொண்டு வந்தாள். பள்ளி நூலகத்தைக் கவனிக்கும் தமிழ் ஆசிரியர் தனுஷ்கோடி பெண்பிள்ளைகளுக்கு ஆபாச நாவல் கொடுத்ததாக மனு போயிருப்பதாகவும், அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகவும், மனுவில் முதல் பெயர் என்னுடையது என்றும் சொன்னாள். அந்த நாவல் அவள் பையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டவ நான். எதுக்குப் போட்டேன்னு பாத்துட்டுக் குடுப்போம்" என்று சொன்னேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் நேரத்தில் அவள் செட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க, நாங்கள் துணி மடித்துக்கொண்டே கேட்டோம். மனுவில் கண்ட அறுபத்தொன்றாம் பக்கம் வந்ததும் நான், பேரப்பிள்ளை எடுத்த இசக்கியம்மாளைப் பார்த்து, "ஏட்டி இசக்கி, காதைப் பொத்திக்கோ, ஒனக்குக் கெட்டுப்போற வயசு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தில், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பதின்மூன்று வயதுப் பெண் வேலை நேரத்தில் வயதுக்கு வருகிறாள். கக்கூஸ் இல்லாததால் கறைபட்ட பாவாடையோடு நிற்கிறாள். மேஸ்திரி அவளை எல்லோர் முன்னாலும் திரும்பி நிற்கச் சொல்கிறான். அம்புட்டுத்தான் இருக்கிறது. என் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய் துணியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம செட்டுலயும் கக்கூஸ் கெடையாதுல்லா" என்றாள். எங்கள் மடியில் இருந்தது ஆஸ்பத்திரியில் ரத்தம் துடைக்கிற துணி. அதில் ஒரு முழம் எடுத்தால் வேலை போய்விடும்.

இசக்கியம்மாள், "இருந்தாலும் பொட்டப்பிள்ளை படிக்கப்படாது" என்றாள். அவள் தன் கைநாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்காக நான் பேச வரவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகாத புத்தகம் என்கிறார்கள். மாரீஸ்வரி பத்தில் தவறினால் மறுநாளே எங்கள் செட்டுக்கு வேலைக்கு வரலாம், அதற்கு யாரும் மனு கொடுக்கப் போவதில்லை.

அதன்பிறகு ஐயாதுரை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். யாரோ மடித்துக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்ததாகச் சொன்னார். "கொடத்தத் தட்டிப் பாக்காம கடையில ஏத்த மாட்டிய, புஸ்தகத்த மட்டும் தட்டாமலே ஓட்டைன்னுட்டியளே" என்றேன். சிரித்தார். மனுவைத் திரும்பப் பெற மாட்டேன் என்றார்.

போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, வேண்டுமானால் வாக்குமூலம் கொடு என்று இன்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னதால் சொல்கிறேன். தனுஷ்கோடி சார் என் மகளுக்குக் கெட்ட புத்தகம் எதுவும் கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேட்டாலும் இதையே சொல்வேன். புத்தகத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். எங்களுக்கு இன்னும் பதினெட்டுப் பக்கம் பாக்கி இருக்கிறது. விசாரணை முடிந்ததும் அதைப் பள்ளிக்கூட அலமாரிக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டதை ஏட்டையா ஒருமுறை வேகமாக வாசித்தார். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். கடைசி வரி வரை கேட்டேன். நான் சொன்னது போலவே இருக்கிறது, அனைத்தும் உண்மை. அதன்பிறகு பேனாவை வாங்கினேன்.

(ஒப்பம்) முத்துப்பேச்சி