நடந்து காட்டாத

நடக்கப் பழகிய பிள்ளையை நடக்காதே என்று சொல்லும் தாயைத் தவறு சொல்ல முடியுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஓர் அம்மா, காலில் கம்பி வைத்த ஷூ போட்ட தன் மகளிடம் சொன்னார்:

"டாக்டர் கூப்ட்டா நடந்து காட்டாத. நான் தூக்கிக்கினு போறேன்."

"நீதான தெனமும் நட நடன்னு உசிர வாங்குவ?"

"போன தடவ நீ ஓடிப்போயி குட்மார்னிங் சொன்ன. ஊனம் கம்மின்னு எழுதிட்டாரு. உதவித்தொகைக்கு பர்சன்ட் பத்தலயாம்."

பக்கத்தில் இருந்த பெண் திரும்பினார். "பொய் எதுக்கும்மா? மறுபடி பாக்கச் சொல்லி மனு போடலாம். கோர்ட்டுல இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க."

"டாக்டர் மேல மனு போட்டுட்டு, நாளைக்கு வைத்தியத்துக்கு அவருகிட்டயே எப்படிக்கா இவளக் கூட்டிக்கினு போறது?"

சிறுமி கேட்டாள்:

"டாக்டர் ரூம் வரைக்கும் நடக்கலாமாம்மா?"

என் மடியில் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மனு போட்டால் வைத்தியத்துக்கு இடைஞ்சல் வருமா? இலவச வக்கீலிடம் போய்வந்தவர்கள் எழுதுங்கள். அதே பஸ்ஸில்தான் அடிக்கடி போகிறேன், அந்த அம்மாவைப் பார்த்தால் சொல்ல வேண்டும்.