இயந்திரம் ஓடிய பிறகு

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று பலெர்மோவுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன், ஐயா. வன்னியில் அது தடைசெய்யப்பட்ட எண்ணெய். போத்தலில் ஒளித்துக் கொண்டுபோவோம்.

இங்கே சீசாப் பகுதியில் நான் பராமரித்த கிழவரை சிஞ்ஞோர் என்றுதான் கூப்பிடுவேன்; அவரிடம் டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அந்த மனிதரைப் பற்றிய படம் இருந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜெர்மன்காரர் எடுத்தது. சிஞ்ஞோர் கப்பல் இயந்திர அறையில் உழைத்து முதிர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அதைப் போடச் சொல்வார். இயந்திரம் முதன்முதலாக ஓடும்போது கைதட்டுவார். எங்கள் பிரதி அந்த இடத்தோடு நின்றுவிடும்.

"பிறகு?" என்பார். ஞாபகம் தப்பியவர்.

"வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டார்" என்பேன்.

அது பொய். அவருடைய மகள்தான் உண்மையைச் சொன்னாள்: டீசல் ஓர் இரவுக் கப்பலில் ஏறினார், காலையில் அறையில் இல்லை. பிறகு உடலைக் கடலில் கண்டெடுத்தார்கள்.

சின்னப் பொய்யும் ஒரு தர்மம். என் தம்பி ஜசிந்தனும் படகில் ஏறிக் காணாமல் போனவன். அவன் அவுஸ்திரேலியாவில் இருப்பதாகத்தான் அம்மாவுக்கு இன்றும் சொல்கிறேன்.

அதன்பின், அணைந்த திரையில் நனைந்த ஒருவர் நிற்பதைக் கண்டேன். சில நாள்களில் அவருக்குத் தம்பியின் முகம்.

மார்கழியில் மகள் சிஞ்ஞோரைத் தன்னோடு ஜெனோவாவுக்குக் கூட்டிப்போக இரவுக் கப்பலில் இடம் எடுத்தாள். வீட்டில் அழுதேன்.

"அந்த மனுசன் பிள்ளையிட்டப் போறார். நீங்கள் ஏனப்பா செத்தவீடு மாதிரி அழுறியள்?" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

"கப்பலடி."

"கப்பலிலையே கிடந்த மனுசனுக்குக் கப்பல் பயமே? உங்களுக்குத்தான் விசர்."

அவளுக்கு விளங்கவில்லை. தெரிந்துகொண்டே ஒருவரை அந்தக் கடலுக்கு அனுப்புவது பாவம்.

புறப்படும் நாள் மதியம் அவருக்குச் சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசி, படத்தைப் போட்டேன். பாலைச் சூடாக்கி, நித்திரைத் துளிமருந்து முழுவதையும் அதில் ஊற்றினேன். கசக்குமென்று தேனும் விட்டேன். இயந்திரம் ஓடியது, அவர் கைதட்டவில்லை. "பிறகு?" என்று கேட்கவும் இல்லை. கையைப் பிடித்தபடி, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்" என்று நானாகவே சொன்னேன். மூச்சு நின்ற பிறகுதான் கையை விட்டேன்.

அன்று விடியவே அவர் சப்பாத்தும் பழைய கப்பல் தொப்பியும் போட்டுக்கொண்டு, கதவடியில் சிரித்தபடி நின்றதாக மகள் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், ஐயா.