குறுக்கே வந்த மேடம்

மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த கரும்பைக் கட்டி அலங்கரித்த இந்த மேடையின் தலைவர், வண்டூர்த் தமிழர்களைத் தாங்கி நிற்கும் தூண் (அவர் உடம்பைப் பார்த்துச் சொல்லவில்லை, உழைப்பைப் பார்த்துச் சொல்கிறேன்) ஐயா ராஜவேல் அவர்களே! பெரார்கஞ்சிலிருந்து புது நெல்லோடு வந்திருக்கும் பெரியோர்களே! பொங்கல் பானைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே குலவையிட்ட என் தாய்மார்களே! தமிழ் பாதி புரிந்தாலும் சர்க்கரைப் பொங்கலின் ருசி முழுதாகப் புரிந்த என் வங்காள, தெலுங்கு, மலையாள அண்டை வீட்டாரே! முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும், கட்சால் தீவிலிருந்து வந்த பொன்னுத்துரை அண்ணன் அவர்களே! அருகில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வேலாயி அண்ணி அவர்களே! உங்கள் அனைவருக்கும் படகுத்துறை இட்லிக்கடை சுகிர்தாவின் பொங்கல் வணக்கம்!

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, நடுநிலைமை. எப்பேர்ப்பட்ட தலைப்பு! ஏற்றமும் இறக்கமும் இல்லாத நீதி! உற்றாரென்றும் மற்றாரென்றும் பாராத நேர்மை! இதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியில்லாத ஆள் இந்தத் தீவிலேயே கிடையாது. ஏன் தெரியுமா? என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது.

சிரிக்காதீர்கள். இது என் மகளின் கல்யாண விஷயம்.

ஊருக்கே தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். என் மகள் கார்த்திகாவும் இந்தப் பொன்னுத்துரை அண்ணன் மகன் உதயாவும் போர்ட் பிளேரில் படிக்கும்போதே மனம் ஒத்துப்போய், ஒளிக்காமல் மறைக்காமல் பெரியவர்களிடம் வந்து சொன்ன பிள்ளைகள். போன வாரம் அண்ணன் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். தாம்பாளம் அண்ணியின் கையில். அண்ணனின் வலது கால் எங்கள் வாசற்படியில். அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டுப் பூனை மேடம் (பெயரே அதுதான்) இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அவசரமே இல்லாமல், வாலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தது. வைத்த காலை எடுத்துவிட்டார் அண்ணன்! "சகுனம் சரியில்ல தாயி. கப்பல் ஏறுறதுக்குள்ள மனசு வந்தா வாறேன். இல்லாட்டி வேற இடம் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் பெரார்கஞ்சில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாளைக்குக் கப்பல். அன்றிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் நடுநிலைமையைப் பேசுவதற்கு முன் நான் பூனையைப் பேச வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் குமரனை உங்களுக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டுகிறவர். நாள் முழுக்க உப்புக் காற்றில் வெந்து வீட்டுக்கு வருகிறார். வந்த மனிதருக்கு நான் என்ன வைக்கிறேன்? நேற்று வைத்த குழம்பு! மேடத்துக்கு? இன்றைக்குத் துறையில் இறங்கிய மீன், முள்ளெடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, ஆறவைத்து! மனிதர் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏண்டி, எனக்குப் பழசு, அதுக்குப் புதுசா? க்யா பாத் ஹை, ரொம்ப நல்லாருக்கு!" நான் சொன்னேன், "உங்களுக்குச் சொன்னா புரியும். அதுக்குச் சொன்னா புரியுமா?" இது நியாயமா தாய்மார்களே? நியாயமே இல்லை! ஆனால் இன்றைக்கும் அதேதான் நடந்தது.

அவர் மட்டும் என்ன யோக்கியமா? அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தால், "எழுந்திரு, இடுப்பு வலிக்குது" என்பார். மேடம் படுத்திருந்தால்? தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். "தூங்குது பாவம், அசதியா இருக்கும்." என்ன அசதி? எந்தக் கப்பலில் மூட்டை இறக்கிவிட்டு வந்தது?

கார்த்திகா ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தால், "கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?" மேடம் தட்டிவிட்டு உடைத்தால், "யாரு அதை ஓரத்துல வெச்சது?" அதற்கும் கார்த்திகாதான் திட்டு வாங்குவாள்.

என்ன அழகம்மா அக்கா, அங்கிருந்து கையை ஆட்டுகிறீர்கள்? கருவாடா? சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா காயவைத்த கருவாட்டில் எங்கள் மேடம் வாய் வைத்தபோது நான் என்ன சொன்னேன்? "சின்ன ஜீவன், ருசி பார்த்துச்சு." அக்காவின் பூனை என் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தபோது? "திருட்டுப் பூனை! வளர்க்கிற லட்சணத்தைப் பாரு!" ஆமாம் அக்கா, சொன்னேன்தான். அதற்காக இந்த மேடையில் சண்டைக்கு வராதீர்கள். நாளைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அண்ணன் பக்கம் வருகிறேன். அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையில் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தபோது அண்ணி என்னிடம் ஒன்று சொன்னார். சொல்லட்டுமா அண்ணி? தலையை ஆட்டிவிட்டார். இனி என்னைத் தடுக்க யாராலும் முடியாது!

கட்சாலில் அண்ணன் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறதாம்! பெயர் கரியன். அடுப்புக் கரி நிறம். அண்ணன் விடியலில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் வெட்டக் கிளம்பினால், அதுவும் கூடவே கிளம்புமாம். அண்ணி சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: "வெள்ளன இவரு கத்தியத் தூக்கினா அது முன்னால ஓடும் மதினி. இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் குறுக்கும் நெடுக்குமாவே திரியும். ஒரு நாளு வரலன்னா, கரியா கரியான்னு கத்திக்கிட்டு இவரு வாசல்லயே நிப்பாரு. அது வந்து முன்னால போனாத்தான் இவரு கால் எடுத்து வெப்பாரு!"

கேட்டீர்களா சபையோரே! கரியன் குறுக்கே போனால் வழித்துணை! மேடம் குறுக்கே போனால் அபசகுனமா? கரியனுக்கு ஒரு சட்டம், மேடத்துக்கு ஒரு சட்டமா? கட்சாலுக்கு ஒரு நீதி, வண்டூருக்கு ஒரு நீதியா?

கைதட்டாதீர்கள், பொறுங்கள். அண்ணன் முகம் சிவக்கிறது. அவரைத் தலைகுனிய வைக்க நான் இங்கே ஏறவில்லை. நானும் அதே ரகம், என் வீட்டுக்காரரும் அதே ரகம், நீங்களும் அதே ரகம்தான். நம்முடையது என்று ஆகிவிட்டால் நமக்குக் குற்றம் தெரியாது. பாசம் வைத்த வீட்டில் நடுநிலைமை குடியிருக்காது. தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தலைப்பு என் வீட்டில் செல்லாது!

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தத் தீவுகளில் யாருக்கு யார் சொந்தமாக இருந்தோம்? கைதியாகச் சங்கிலியில் வந்தவர் பேரப்பிள்ளைகள் உண்டு. பிழைக்க வந்தவர் பிள்ளைகள் உண்டு. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கட்சால் காட்டில் ரப்பர் நட்ட அண்ணன் குடும்பம் போன்றவர்கள் உண்டு. இறங்கியபோது எல்லோரும் எல்லோருக்கும் ஊரார்தான்! பக்கத்து வீட்டு மொழி புரியவில்லை, பக்கத்து அடுப்பு வாசனை பிடிக்கவில்லை. பிறகு என்ன நடந்தது? அவர்கள் வீட்டுக் காய்ச்சலுக்கு நாம் கஞ்சி கொண்டுபோனோம். நம் வீட்டுச் சாவுக்கு அவர்கள் தோள் கொடுத்தார்கள். ஊரார் நம்மவர் ஆனார்கள்! ஆகையால் பாரபட்சத்தை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது நம்மால் ஆகாது. அதைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்! இன்னும் ஒரு வீட்டை உள்ளே சேருங்கள்! இன்னும் ஒரு பிள்ளையை, முடிந்தால் இன்னும் ஒரு பூனையையும் உள்ளே சேருங்கள்!

பொன்னுத்துரை அண்ணே, இன்றைக்கு மேடம் ஊரார் வீட்டுப் பூனை. நீங்கள் சம்மதம் என்று சொன்ன நிமிடத்தில் அது உங்கள் சம்பந்தி வீட்டுப் பூனை. அதாவது, உங்கள் பூனை! உங்கள் பூனை குறுக்கே போனால் என்ன அர்த்தம்?

சபையே சொல்கிறது, வழித்துணை! இன்னும் ஒருமுறை சொல்லுங்கள், கட்சால் வரை கேட்கட்டும்!

ஒரு நிமிடம். அமைதி, அமைதி. அண்ணன் எழுந்து நிற்கிறார். வெளியே போகிறாரா? இல்லை. ஏதோ சொல்கிறார். அரே, அந்தக் குழாய் ஸ்பீக்கரை நிறுத்துங்களப்பா! சொல்லுங்கள் அண்ணே.

பின்வரிசையில் கேட்காதவர்களுக்காக நானே சொல்கிறேன். அண்ணன் சொல்கிறார்: "நீங்க ரொம்பப் பேசுறீங்க தாயி. வேலாயி அதுக்கு மேல பேசியிருக்கா, அவள வீட்டுல பாத்துக்குறேன். உதயா, நாளைக்குப் போற கப்பல் டிக்கெட்ட ரத்து பண்ணு. காலைல இவங்க வீட்டுக்குப் போறோம். அந்த மேடத்த வாசல்ல நிறுத்தி வைங்க. அது முன்னால போகட்டும், நான் பின்னால வாறேன்."

அண்ணே... கையெடுத்துக் கும்பிடுகிறேன். கார்த்திகா, அழாதே, அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார். இவ்வளவு நேரம் ஒரு பூனையின் வழக்கைப் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், தாய்மார்களுக்கும், தீர்ப்புச் சொன்ன என் சம்பந்திக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி சொல்லி, காலையில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வாருங்கள் என்று அழைத்து இறங்குகிறேன். வணக்கம்!