மிளகு காயாத முற்றம்

"புல்லுக்குத் தண்ணி ஊத்துற மனிசன இப்பத்தான் மச்சான் பாக்கிறேன்!"

கண்டியிலிருந்து அக்குறணைக்குப் போகும் பஸ்ஸில் முன் ஆசனத்திலிருந்து இந்தக் குரல் வந்ததும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன். ரோசாச் செடியொன்றை மடியில் வைத்திருந்தவரிடம் அவருடைய மைத்துனர்தான் அப்படிச் சொன்னார்.

"தெல்தோட்டையில தேயிலத் தோட்டத்துத் தொரைட பங்களாவப் பாத்த அன்னைக்கித்தான் எனக்கும் முத்தத்தில புல்லும் பூவும் வளக்கிற யோசன வந்திச்சி," என்றார் செடிக்காரர். "மகளப் பாக்க மாப்புள வீட்டார் வெள்ளிக்கிழம வாறாங்க. புல்லுல கதிரை போட்டு, பூவப் பாத்துக்கிட்டே தேத்தண்ணி குடிக்கட்டுமே."

"அப்ப முத்தத்தில காஞ்ச மிளகு?"

"அள்ளி, கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிட்டேன்."

"நல்ல வேல! மாப்புளட வாப்பா மிளகு யாவாரி. அவர் பூ மோந்து பாக்கவா வாறார்? முத்தத்தில எத்தன பாய் மிளகு காயுதெண்டு பாத்துத்தான் படியேறுவார். நேத்து வந்த கலியாணத் தரகர் உங்கட பொஞ்சாதி, எங்கட ராத்தாக்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? தோட்டத்த வித்துட்டீங்களா எண்டு!"

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் செடிக்காரர் செடியை மடியிலிருந்து காலடிக்கு இறக்கி வைத்தார்.

"சம்பந்தம் கைவிட்டுப் போயிருமா மச்சான்?"

"மிளகு காயப் போடுற பாய் ஈக்கிதானே?"

"ஈக்கி. ஆனா ஒளிச்சி வெச்சது ஒரு பாய்க்குத்தான் வரும். புது மிளகு பறிக்க இன்னும் நாள் கிடக்கே."

"புதுசு எதுக்கு? என்ட வீட்டில காஞ்சது ரெண்டு சாக்கு ஈக்கி. நாளைக்கிக் கொண்டு வாறேன். உங்கடதையும் சேத்து, புல்லுக்கு மேலயே திரும்பக் காயப் போடுவம்."