ஹிசானோவின் வீட்டுக்காரர்

எனக்குச் சட்டென்று கோபம் வராது, ஐயா. பக்கத்து வீட்டு நாய் என் புதுச் செருப்பைக் குதறிப் போட்டபோதுகூட அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் வந்தேன்.

நான் மரத்தட்டு செதுக்குகிறவன். தேநீர்ச் சடங்கில் இனிப்பு வைத்துக் கொடுப்பார்களே, அந்தத் தட்டு. கனாசாவா நகரம் வரைக்கும் அதற்குப் பெயர் உண்டு. கல்யாணமான நாள் முதல், நான் பிளக்கும் கட்டையைப் பிடித்துக்கொள்வது என் மனைவி ஹிசானோவின் வேலை. மிஞ்சிய துண்டுகளில், தேயிலைத்தூள் அள்ளும் சின்னக் கரண்டிகளைச் செதுக்க ஆரம்பித்தாள். பொழுது போகட்டும் என்று விட்டேன். நான்தான் விட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் இலையுதிர்காலத்தில் இகராஷி அம்மாள் வீட்டில் தேநீர் விருந்து. ஊருக்கே தேநீர்ச் சடங்கு சொல்லிக்கொடுப்பவர் அவர். குடித்து முடித்ததும் மருந்துக்கடைக்காரர் கரண்டியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"யாருங்க செதுக்கினது?"

"நம்ம ஹிசானோ."

"காத்துல வளைஞ்ச மாதிரி இருக்கே. அந்தத் தட்டு?"

"அதுவா, அவங்க வீட்டுக்காரர் பண்ணது."

எனக்குப் பெயர் இருக்கிறது, ஐயா. குவாபரா தொகுஜி. தட்டின் அடியில் வெட்டியிருக்கிறேன். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. நான் சிரித்தபடி குனிந்து வணங்கினேன்.

வழியில் ஹிசானோ சொன்னாள்: "தட்டும் நல்லா இருக்குன்னுதாங்க சொன்னாங்க."

தட்டும். அந்த ஒரு 'உம்' என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

பனிக்காலத்தில் கட்டை பிளக்கும்போது அவளுடைய வலது கை கோடரிக்கு அடியில் வந்துவிட்டது. டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். கட்டைவிரலோடு மூன்று விரல் போயிற்று. "நான்தான் கவனிக்கலை" என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் இனிமேல் அந்தக் கரண்டி கிடைக்காதே என்று அழுதார்கள்.

அதோடு அவள் விட்டிருக்கலாம். கட்டையைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு இடது கையால் பழகினாள். இந்த வசந்தத்தில் ஒரு கரண்டி முடித்தாள். கோணல். பார்க்க வந்த இகராஷி அம்மாள் எங்கள் வாசலிலேயே அதை வாங்கிக் கண் கலங்கினார்.

"முன்னாடி பண்ணதெல்லாம் ஒண்ணுமில்ல ஹிசானோ. இதுலதான் உசுரு இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாவம், உங்க தொழிலையும் விட்டுட்டு இவங்களைப் பாத்துக்கிறீங்க."

நான் தொழிலை விடவே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் என் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை, "கொஞ்சம் கட்டையைப் பிடி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இந்தக் கையையாவது விட்டுடுங்களேன்."

முதல் தடவையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஊராரிடம் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைமேல் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: இரண்டு தடவையும் குறி பார்த்துத்தான் போட்டேன்.

வாக்குமூலம் இவ்வளவு போதுமா? ஆஸ்பத்திரியில் இது சாப்பாட்டு நேரம். கஞ்சியை ஆற்றி ஊட்ட வேண்டும். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?